பீட்டில் அடித்தளத்தில் ஃபைபர் பகி: முன்பக்கத் துள்ளலைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

நாவலடிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நாவலடியில் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வார்க்கும் வேலையைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறேன். அந்தக் கைப்பழக்கத்தை நம்பி, 1963ஆம் ஆண்டு வொக்ஸ்வகன் பீட்டில் ஒன்றின் அடித்தளத்தின் மீது, நானே அச்செடுத்து வார்த்த பகி (கூரையில்லாத இலேசான வண்டி) உடல் ஒன்றைப் பூட்டியிருக்கிறேன். பகிகளுக்கு வழக்கமாகச் செய்வதுபோல அடித்தளத்தின் நடுவில் ஏறத்தாழ 37 செ.மீ. வெட்டியெடுத்து மீண்டும் ஒட்டியதால், முன்பின் சில்லுகளுக்கு இடையிலான தூரம் 2 மீற்றரை விடச் சற்றே அதிகம். எஞ்சின் பழைய 1200. ஒட்டு வேலையை அனுபவமுள்ள வெல்டர் ஒருவர் செய்தார். அதில் குறை எதுவும் இல்லை.

குறை சவாரியில்தான். கல்லடிப் புதுப்பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் முதுகெலும்பில் தட்டுகிறது. மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் கிரவல் வீதியில் இறங்கினால், மணிக்கு 30 கி.மீ. வேகத்திலேயே முன்பக்கம் தரையை விட்டுத் துள்ளுவதுபோல இருக்கிறது. அம்மாவைத் தான்தோன்றீச்சரர் கோயிலுக்கு ஒருமுறை இதில் அழைத்துச் சென்றேன். திரும்பும்போது பேருந்தில் வருவதாகச் சொல்லிவிட்டார். இன்னொரு விடயமும் கவலை தருகிறது. முன்பக்க உடலைப் பூட்டிய போல்ட்டுகளைச் சுற்றி ஜெல்கோட்டில், அதாவது ஃபைபரின் மேற்பூச்சில், மெல்லிய வெடிப்புகள் சிலந்திவலைபோலத் தோன்றத் தொடங்கியுள்ளன. படகில் இப்படி வெடிப்பு வந்தால் அந்த இடம் அளவுக்கு மீறி அடிவாங்குகிறது என்பது பொருள்.

இணையத்தில் சுருள்வில்லுடன் கூடிய ஷொக் அப்சோபர்கள் நான்கைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை என் கையிருப்பு முழுவதையும் விழுங்கிவிடும். வாங்குவதற்கு முன் உங்கள் ஆலோசனையை வேண்டுகிறேன்.

அக்கரைப்பற்று ஜீப்

உங்கள் உழைப்பைப் பார்த்து மகிழ்ந்தேன். என் ஜீப்பின் பின்பக்கத்தில் சுருள்வில் ஷொக்குகளைப் பூட்டிய பிறகு நெல் மூடைகளை ஏற்றினாலும் வண்டி தாழ்வதில்லை. ஆகவே தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து. அதற்குப் பணம் போதாவிட்டால், பீட்டிலின் டோர்ஷன் தண்டை (முறுகி வில்லாக வேலை செய்யும் தண்டு) கழற்றி, அதன் முனையிலுள்ள பற்களில் ஒரு பல் இறக்கிப் பூட்டினால் வில் தளர்ந்து மென்மையாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

சாய்ந்தமருது லேத்

தம்பி, அந்தப் பணத்தை இப்போதைக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்காரத் தம்பி சொன்னது பாரம் ஏற்றும் வண்டிக்குச் சரி. உங்களுடைய சிக்கலோ அதற்கு நேரெதிரானது. வண்டியில் ஏற்கெனவே டோர்ஷன் வில் இருக்கிறது. ஷொக்கைச் சுற்றி இன்னொரு சுருள்வில்லைப் போட்டால் இரண்டு விற்களும் சேர்ந்து வேலை செய்யும். கடினம் கூடுமே தவிரக் குறையாது. அத்துடன், பீட்டிலின் முன் ஷொக் மேல்முனை பூட்டப்படும் தூண், ஷொக்கின் இழுப்பைத் தாங்குவதற்காக மட்டும் செய்யப்பட்டது, வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்காக அன்று. காற்று ஷொக்கும் சுருள்வில் ஷொக்கும் பூட்டி அந்தத் தூண் வெடித்த நிலையில் என் பட்டறைக்கு வந்த முன்னச்சுகளை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதுங்கள். டயரில் எத்தனை இறாத்தல் காற்று வைத்திருக்கிறீர்கள்? முன்னச்சுக் குழாய்களுக்குக் கடைசியாக எப்போது கிறீஸ் அடித்தீர்கள்? வண்டியின் நிறை, முன்பக்கம் வேறாகவும் பின்பக்கம் வேறாகவும், எவ்வளவு?

நாவலடிக்கரை

நன்றி நானா. நான்கு டயர்களிலும் 30 இறாத்தல் இருக்கிறது. எரிபொருள் நிலையத்தில் எல்லா வாகனங்களுக்கும் அப்படித்தான் அடிக்கிறார்கள். கிறீஸ் பற்றிக் கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். முன்னச்சைச் சுரண்டி வர்ணம் பூசியபோது கிறீஸ் நிப்பிள்களின் மேலும் வர்ணம் படிந்து மூடியிருக்கிறது. அதன்படி, வண்டி கட்டி முடித்த நாளிலிருந்து கிறீஸ் உள்ளே போகவே இல்லை. நிறையை இதுவரை நான் பார்க்கவில்லை.

படுவான்கரை ஆசிரியர்

தம்பி, நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். வாகனப் பட்டறையில் எனக்கு அனுபவம் கிடையாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது முழுக்க ஒரு வில்லும் ஒரு திணிவும் பற்றிய கணக்கு. அதை ஊகத்தால் தீர்ப்பதைவிட அளந்து தீர்ப்பது எளிது. அளப்பதற்கு வேண்டிய எல்லாம் நம் ஊரிலேயே இருக்கின்றன.

முதலில் நிறை. நெல் ஆலை எதிலாவது நிறுவை மேடை இருக்கும். முன் சில்லுகளை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறையும், பின் சில்லுகளை மட்டும் ஏற்றி மறுமுறையும் நிறுத்து எழுதுங்கள். அந்தக் காலத்து முழுப் பீட்டிலின் நிறை ஏறத்தாழ 740 கிலோ. அதில் ஐந்தில் இரண்டு பங்கு முன்னச்சில் இருந்தது. பீட்டிலில் எரிபொருள் தாங்கி, மேலதிகச் சில்லு, முன்மூடி, கண்ணாடி, தகரம் எல்லாம் முன்னச்சுக்கு மேலே அமர்ந்திருந்தவை. நீங்கள் அகற்றிய நிறையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போயிருக்க வேண்டும். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் பின்னால் அப்படியே இருக்கின்றன. வில்லை வடிவமைத்தவர் நினைத்திருந்த பாரம் இன்று அதன்மேல் இல்லை.

அடுத்து வில்லின் கடினம். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சில்லு மையத்திலிருந்து சில்லுவளைவின் விளிம்பு வரையான உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதுங்கள். பிறகு இரண்டு சீமெந்துப் பைகளை, அதாவது 100 கிலோவை, முன்னச்சுக்கு நேர் மேலே வைத்துவிட்டு மீண்டும் அளவுங்கள். பைகளை இறக்கிய பின் மூன்றாம் முறையும் அளக்க மறக்க வேண்டாம். முதலாவது அளவுக்கும் மூன்றாவது அளவுக்கும் இடையில் வேறுபாடு இருந்தால், வில் திரும்பி வர விடாமல் உராய்வு பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். லேத் தம்பி கிறீஸைப் பற்றிக் கேட்டது அதனால்தான் என்று நினைக்கிறேன். உராய்வு மிகுந்த சஸ்பென்ஷனில் சிறு குலுக்கங்களுக்கு வில் அசையவே அசையாது. அந்த நேரத்தில் உங்களைத் தாங்குவது டயர் மட்டுமே. டயரிலும் 30 இறாத்தல் என்றால் அதுவும் இறுகிய வில். மனித உடல் செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வரையான செங்குத்து அதிர்வையே மிகவும் மோசமாக உணர்கிறது. இறுகிய டயர்களின் மேல் நேரடியாக ஆடும் வண்டி அந்த எல்லைக்குள் போய் விழக்கூடும்.

அக்கரைப்பற்று ஜீப்

நான் முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பல் இறக்குவது பற்றி எவரும் பதில் சொல்லவில்லையே? வண்டி தாழும்போது வில் தளர்வது உண்மைதானே?

பெரியகல்லாறு கராஜ்

வண்டி தாழும், வில் தளராது. டோர்ஷன் தண்டு என்பது முறுக்கி வைத்த இரும்புக் கம்பி. அதன் கடினத்தைத் தீர்மானிப்பவை அதன் தடிப்பமும் நீளமும் அதைத் திருப்பும் கையின் நீளமுமே. பல்லை மாற்றும்போது எந்த உயரத்திலிருந்து முறுக்கல் தொடங்குகிறது என்பது மட்டுமே மாறுகிறது. தூக்கினாலும் தாழ்த்தினாலும் 100 கிலோவுக்கு அது இறங்கும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். தாழ்த்திய வண்டி இன்னும் கடினமாகத் தெரிவதும் உண்டு, ஏனென்றால் இறப்பர் தடுப்பில் விரைவாக முட்டிவிடும்.

இருந்தாலும் பல் கணக்கை அறிந்து வைத்திருப்பது நல்லது. பின் டோர்ஷன் தண்டின் உட்பக்கத்தில் 40 பற்களும் வெளிப்பக்கத்தில் 44 பற்களும் இருக்கின்றன. உள்ளே ஒரு பல் என்றால் 9 பாகை. வெளியே ஒரு பல் என்றால் 8 பாகைக்குச் சற்று மேல். உள்ளே ஒரு பல் ஒரு திசையிலும் வெளியே ஒரு பல் மறுதிசையிலும் திருப்பினால் ஒரு பாகைக்கும் குறைவான, ஏறத்தாழ 50 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) அளவிலான, மிக நுண்ணிய மாற்றம் கிடைக்கும். முப்பது ஆண்டுகளாகப் பீட்டில்களின் கீழே படுத்து வேலை செய்கிறேன். அந்த 40க்கும் 44க்கும் இடையிலான வேறுபாட்டை யோசித்து வைத்தவனின் மூளையை இன்றும் வியக்கிறேன்.

நாவலடிக்கரை (எட்டு நாட்களின் பின்)

ஐயா சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் தெரிந்த ஆலையொன்றில் நிறுத்தபோது முன்னச்சில் 195 கிலோவும் பின்னச்சில் 385 கிலோவும் காட்டியது, மொத்தம் 580.

கிறீஸ் அடிப்பதற்கு முன் 100 கிலோ வைத்தபோது முன்பக்கம் 41 மி.மீ. இறங்கியது. பைகளை எடுத்த பின்னும் 14 மி.மீ. தாழ்ந்த நிலையிலேயே நின்றுவிட்டது. இரண்டு பேர் பிடித்து ஆட்டிய பின்தான் மேலே வந்தது.

பிறகு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சில்லுகள் தொங்கும் நிலையில், நிப்பிள்களிலிருந்து வர்ணத்தைச் சுரண்டிக் கிறீஸ் அடித்தேன். குழாய்களின் முனைகளிலிருந்து முதலில் துருவும் கறுத்த பசையும் வந்தன. புதிய கிறீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடித்தேன். முன்சில்லு திரும்பும் மூட்டிலுள்ள கிங்பின், அதை அச்சுக் கைகளோடு இணைக்கும் லிங்க்பின் ஆகியவற்றின் நிப்பிள்களுக்கும் அப்படியே. ஒரு நிப்பிள் அடைத்திருந்ததால் புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் அளந்தபோது 100 கிலோவுக்கு 54 மி.மீ. இறங்கியது. பைகளை எடுத்ததும் 3 மி.மீ. மட்டுமே மிச்சம்.

டயரில் முன்னால் 14, பின்னால் 20 இறாத்தல் வைத்தேன். கல்லடிப் பாலத்தின் தட்டல் பாதியாகிவிட்டது. இவ்வளவுக்கும் செலவு ஒரு பேணி கிறீஸும் ஒரு நிப்பிளும்தான். கிரவலில் துள்ளல் மட்டும் இன்னும் போகவில்லை.

சாய்ந்தமருது லேத்

14 இறாத்தலைக் கண்டு எவரும் பயப்பட வேண்டாம். முழுப் பீட்டிலுக்கே கைந்நூலில் முன்னால் 16, பின்னால் 24 என்ற அளவுதான் கொடுக்கப்பட்டிருந்தது. எஞ்சின் முன்னால் இருக்கும் இன்றைய கார்களுக்கான அளவை இதற்கு வைப்பது பொருந்தாது. ஆட்களை ஏற்றிக்கொண்டு காபட் வீதியில் நீண்ட தூரம் ஓடும் நாளில் மட்டும் பின்னால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

படுவான்கரை ஆசிரியர்

மிக நேர்த்தியாக அளந்திருக்கிறீர்கள். இப்போது கணக்கைப் பார்ப்போம்.

முன்னச்சின் 195 கிலோவில் சில்லு, பிரேக் டிரம், அச்சுக் கைகள் போன்ற வில்லின் மேல் அமராத பகுதிகளுக்கு ஏறத்தாழ 60 கிலோவைக் கழித்தால், வில் தாங்குவது 135 கிலோ. 100 கிலோவுக்கு 54 மி.மீ. என்றால் 135 கிலோவுக்கு 73 மி.மீ. வில்லின் மேல் ஒரு திணிவு நிற்கும்போது வில் எத்தனை மில்லிமீற்றர் அமுங்கியிருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால், செக்கனுக்கு எத்தனை தடவை அது இயல்பாக ஆடும் என்பது கிடைக்கும். 73இன் வர்க்கமூலம் 8.54. ஆகவே உங்கள் முன்பக்கத்தின் மீடிறன் செக்கனுக்கு 1.85.

அதே வில்லின் மேல் முழுப் பீட்டில் இருந்தபோது என்னவாக இருந்திருக்கும்? முன்னச்சில் 296 கிலோ, கழிவு போக 236. அமுங்கல் 127 மி.மீ., மீடிறன் 1.40. சுகமாக ஓடும் கார்கள் பெரும்பாலும் 1க்கும் 1.5க்கும் இடையில் இருக்கும். உங்கள் வண்டி 1.40இல் இருந்து 1.85க்குப் போனதற்கு வில் காரணமன்று. வில்லின் மேலிருந்த திணிவை நீங்கள் குறைத்ததுதான் காரணம். அதோடு முன்பின் தூரத்தையும் குறைத்திருப்பதால், முன்னும் பின்னுமாக ஆடும் தொட்டில் அசைவும் கூடியிருக்கும்.

இந்த எண்களில் ஒளிந்திருக்கும் ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். 127க்கும் 73க்கும் இடையில் 54 மி.மீ. வேறுபாடு உண்டு. அதாவது உங்கள் வண்டியின் முன்பக்கம் இருக்க வேண்டிய உயரத்தைவிட அவ்வளவு உயர்ந்து நிற்கிறது. வில்லை மென்மையாக்கினால் வண்டி தாழுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. தாழ வேண்டிய இடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஷொக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வில்லும் திணிவும் குறையும்போது அவற்றின் பெருக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத் தேவையான தணிப்பும் குறைகிறது. முழுப் பீட்டிலுக்குச் செய்த ஷொக், இலேசான வண்டிக்குத் தேவைக்கு மேல் இறுகியதாகவே இருக்கும். ஆகவே விலை கூடிய, கடினமான ஷொக் எதையும் தேட வேண்டாம்.

சாய்ந்தமருது லேத்

ஐயா கணக்கால் கண்டதை நான் கையால் அறிந்திருக்கிறேன்: பகிக்கு முன்னச்சில் தகடு குறைக்க வேண்டும். செய்முறையைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் அவசரப்பட்டு முன்னச்சையே பாழாக்கியவர்கள் உண்டு.

பீட்டிலின் முன்னச்சில் மேலும் கீழுமாக இரண்டு குழாய்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு தடித்த தண்டுக்குப் பதிலாக, உருக்குத் தகடுகள் சதுரமாக அடுக்கப்பட்ட கட்டு ஒன்று இருக்கும். அந்தக் கட்டின் நடுப்பகுதி குழாயின் மையத்தில் ஒரு திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். இரு முனைகளும் சில்லுகளைத் தாங்கும் கைகளின் சதுரத் துளைகளுக்குள் புகுந்து, அங்கும் திருகாணிகளால் இறுகியிருக்கும். கட்டில் அகலத் தகடுகளும் ஒடுங்கிய தகடுகளும் கலந்திருக்கின்றன. ஒடுங்கியவற்றில் சிலவற்றை எடுத்தால் கட்டு எளிதாக முறுகும்.

ஆனால் தகட்டை வெறுமனே உருவிவிட்டுப் பூட்டினால் சதுரத் துளைக்குள் கட்டு ஆடத் தொடங்கும். சில நாட்களில் துளையின் மூலைகள் தேய்ந்துவிடும். எடுத்த தகட்டிலிருந்தே மூன்று குட்டித் துண்டுகளை வெட்டி, இரு முனைகளிலும் நடுவிலும் முன்பிருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். அப்போது பிடிக்கும் இடங்களில் சதுரம் நிறைந்திருக்கும், முறுகும் இடத்தில் மட்டும் தகடு குறைந்திருக்கும். வெட்டுவதற்கு வாயுச் சுடரைப் பயன்படுத்தவே வேண்டாம். வில்லுருக்கின் பதம் போய்விடும். மெல்லிய வெட்டுத் தட்டில், இடையிடையே தண்ணீர் விட்டு, கை சுடாத அளவுக்கு மெதுவாக வெட்டுங்கள். துண்டுகளைத் தகட்டோடு வெல்டிங் செய்வதும் கூடாது. ஒட்டிய இடத்தில்தான் பிறகு முறியும். மெல்லிய கம்பியால் கட்டிக் கிறீஸில் ஒட்டவைத்து உள்ளே தள்ளினால் போதும். நடுத் திருகாணி அமரும் குழி எந்தத் தகட்டில் இருக்கிறதோ அதைத் தொடாதீர்கள்.

கைகளைக் கழற்றியிருக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் புஷ்களையும் ஊசித் தாங்கிகளையும் பாருங்கள். நம் கரையோரத்தில் உப்புக் காற்று குழாயின் வாய்ச் சீலுக்குள் புகுந்து அவற்றைத் தின்றிருக்கும். அவை தேய்ந்திருந்தால் தகடு குறைத்தும் பயனில்லை.

ஒரே நாளில் எல்லாத் தகடுகளையும் எடுத்துவிட வேண்டாம். கொஞ்சம் எடுத்து, பூட்டி, ஐயாவின் சீமெந்துப் பைகளை மீண்டும் வைத்து அளவுங்கள்.

பெரியகல்லாறு கராஜ்

முன்பக்கத்தைப் பற்றி லேத் தம்பி எழுதியது அனைத்தும் சரி. பின்பக்கத்துக்கு நான் ஒரு எச்சரிக்கை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1963 வண்டி என்பதால் பின்னால் இருப்பது ஊஞ்சல் அச்சு. கியர்ப் பெட்டியின் ஓரத்தில் மட்டுமே மூட்டு உண்டு, சில்லுப் பக்கத்தில் மூட்டு இல்லை. வண்டி மேலெழும்பினால் சில்லுகளின் அடிப்பகுதி உள்ளே சாய்கிறது. வேகமாக வளைவில் திரும்பும்போது பின்பக்கம் எழும்பி, வெளிச்சில்லு உடலின் கீழே மடிந்து, வண்டி கவிழ்வதற்கு இடமுண்டு. இலேசான பகியில் பின்பக்கம் உரிய உயரத்தைவிட உயர்ந்து நின்றால் இந்த அபாயம் அதிகம். வண்டியின் பின்னே நின்று சில்லுகளைப் பாருங்கள். வெறும் வண்டியில் அவை மேலே விரிந்து கீழே குறுகித் தெரிந்தால், முன்பு சொன்ன 50 கலைக் கணக்கில் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, ஓட்டுநர் அமர்ந்த நிலையில் சில்லுகள் நிமிர்ந்தோ, மேற்பகுதி சற்றே உட்சாய்ந்தோ நிற்குமாறு வையுங்கள். அத்துடன் அச்சுக் குழாய் ஒரு அளவுக்கு மேல் தொங்காதபடி இருபுறமும் வலுவான நைலோன் பட்டி கட்டுங்கள். படகில் பாரம் இழுக்கும் பட்டிகள் உங்களிடம் இருக்கும். சுகத்துக்கு முன்னால் இதுதான் முக்கியம்.

உடலும் அடித்தளமும் மாறியிருப்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்யும் வேலையையும் தள்ளிப்போடாதீர்கள்.

பொத்துவில் பயணி

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்து வருகிறேன். 1967 மாதிரிப் பீட்டிலின் பின் டோர்ஷன் தண்டு மெல்லியது என்றும் அதை மாற்றிப் போடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அது உண்மையா?

பெரியகல்லாறு கராஜ்

உண்மை. அதுவரை 22 மி.மீ. ஆக இருந்த தண்டு அந்த மாதிரியில் 21 மி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு மில்லிமீற்றர்தானே என்று எண்ண வேண்டாம். முறுக்குக் கடினம் தடிப்பத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 17 சதவீதம் மென்மையாகிறது. ஆனால் அவர்கள் தண்டை மட்டும் மெல்லியதாக்கிவிட்டு நிறுத்தவில்லை. பாரம் ஏறும்போது கைகொடுக்க, இரு பின்சில்லுகளையும் இணைக்கும் சமன்செய் தண்டு ஒன்றையும் சேர்த்தார்கள். அதை விட்டுவிட்டு மெல்லிய தண்டை மட்டும் கொண்டுவந்தால், பின்னால் இரண்டு பேர் ஏறியதும் வண்டி அமர்ந்துவிடும். நாவலடித் தம்பியின் பின்னச்சில் குறைந்திருப்பது 60 கிலோ அளவுதான். அங்கே வில்லைத் தொட வேண்டிய தேவையே இல்லை என்பது என் முடிவு.

நாவலடிக்கரை (ஐந்து வாரங்களின் பின்)

தாமதத்துக்கு மன்னிக்கவும்; கடலுக்குப் போகும் காலம் என்பதால் படகு வேலை நெருக்கியது. செய்தவற்றை வரிசைப்படி எழுதுகிறேன்.

முன்னச்சைக் கழற்றியபோது கீழ்க்குழாயின் ஒரு புஷ் முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. கிறீஸ் அடித்தும் வலப்பக்கம் சற்று முரண்டு பிடித்ததற்குக் காரணம் அதுவே. சாய்ந்தமருது நானாவின் பட்டறையிலேயே புதிய புஷ் கடைந்து பூட்டினோம். தகடுகளை இரண்டு தவணைகளில் எடுத்தோம். முதல் தவணையில் 100 கிலோவுக்கு 66 மி.மீ. இறங்கியது, இரண்டாம் தவணையில் 78. அத்துடன் நிறுத்திவிட்டோம். ஐயாவின் முறைப்படி கணக்கிட்டால் அமுங்கல் 105 மி.மீ., மீடிறன் 1.54. முன்பக்கம் 3 செ.மீ. அளவு தாழ்ந்து, இப்போதுதான் பார்வைக்கும் நிலையாகத் தெரிகிறது.

ஷொக் நான்கும் பழையனவாக, எண்ணெய் கசிந்தனவாக இருந்தன. வாயு நிரப்பிய வகையைக் கடைக்காரர் வற்புறுத்தினார். அவை தம் அழுத்தத்தாலேயே இலேசான வண்டியை மேலே தள்ளும் என்று நானா சொன்னதால், சாதாரண எண்ணெய் வகையையே வாங்கினேன். விலையும் பாதிதான். பின்பக்கத்தை 50 கலை வீதம் இரண்டு தடவை தாழ்த்தி, நைலோன் பட்டிகளைக் கட்டினேன். பின்னால் பூட்டியிருந்த அகலமான இரும்பு றிம்களைக் கழற்றிவிட்டுப் பீட்டிலின் சொந்த 15 அங்குல றிம்களுக்கே திரும்பினேன். ஒவ்வொரு சில்லிலும் குறைந்த பாரத்தைக் கையில் தூக்கும்போதே உணர முடிந்தது. வில்லுக்குக் கீழே தொங்கும் பாரம் குறைந்தால் சில்லு பள்ளத்தைப் பின்தொடர்ந்து இறங்கி ஏறும் என்பதைக் கிரவல் வீதியில் கண்டேன்.

இனி ஃபைபர் பற்றி எழுதுகிறேன். இது என் தொழில். முன் போல்ட்டுகளைச் சுற்றியிருந்த வெடிப்புகளைத் தேய்த்து எடுத்தபோது அவை ஜெல்கோட்டோடு நிற்கவில்லை. முதல் மேட் (ஃபைபர் இழைப் பாய்) படை வரை இறங்கியிருந்தன. உடலை இரும்போடு நேரடியாக இறுக்கியதும் என் பிழையே. படகில் எஞ்சின் அமரும் மரத்துக்குக் கீழே படைகளைக் கூட்டி, அடியைப் பரவலாக்குவோம். அதே முறையில், போல்ட் துளைகளைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு மேலும் மூன்று படைகள் வார்த்து, இடையில் தடித்த இறப்பர்ப் பட்டையும் பெரிய வாஷர்களும் வைத்துப் பூட்டினேன். வார்த்த இடங்களில் சிவப்பு நூல்போல ஒரு கோடு வரைந்து வைத்திருக்கிறேன். மீண்டும் வெடித்தால் உடனே தெரியும். முதன்முதலில் இவ்வகைப் பகியை 1964இல் கலிபோர்னியாவில் செய்த புரூஸ் மேயர்ஸும் ஃபைபர் படகு கட்டிய அனுபவம் உள்ளவர் என்று அறிந்தபோது மனத்துக்கு மிகவும் நெருக்கமாக இருந்தது.

நேற்று அம்மாவுடன் கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். கிரவலில் 40இல் ஓடியும் முன்பக்கம் நிலத்தை விடவில்லை. திரும்பும் வழியில் மண்முனைப் பாலத்தில் நிறுத்தச் சொல்லி, வாவியைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். பேருந்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

படுவான்கரை ஆசிரியர்

உங்கள் அம்மா திரும்பும் பயணத்தையும் வண்டியிலேயே வந்தார் என்பது எனக்கு 1.54ஐ விடப் பெரிய அளவீடு. ஓய்வில் இருக்கும் ஆசிரியனுக்கு இப்படி ஒரு பயிற்சிக் கணக்கைத் தந்தமைக்கு நன்றி.

சாய்ந்தமருது லேத்

தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். காபட் வீதியில் 60ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் அலைகிறதா? முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகமாகத் தாழ்ந்தால் கிங்பின்னின் பின்சாய்வு குறைந்து, வண்டி நேர்கோட்டில் நிற்க மறுக்கும்.

நாவலடிக்கரை

ஆம் நானா, ஆரையம்பதி தாண்டியதும் நேர்வீதியில் சற்று அலைகிறது. எதிர்க்காற்று என்று நினைத்திருந்தேன்.

சாய்ந்தமருது லேத்

காற்று அன்று. முன்னச்சை அடித்தளத்தோடு பூட்டும் நான்கு போல்ட்டுகளில் கீழ்க்குழாய்க்குரிய இரண்டையும் தளர்த்தி, குழாய்க்கும் அடித்தளத்துக்கும் இடையில் ஒரு தகட்டுத் துண்டை வைத்தால் கீழ்க்குழாய் முன்னே தள்ளப்பட்டுச் சாய்வு மீளும். இரண்டு பக்கமும் ஒரே தடிப்பத்தில் வெட்டி வைக்கிறேன். போல்ட்டுகளும் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும், பழையவற்றைக் கொண்டு இறுக்கிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை பகல் பட்டறை பூட்டியிருக்கும். சனிக்கிழமை காலையில் வாருங்கள்.